நாலும் எழுபதும்

ஒடீல் மர்ஷால் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு வரைபடத்தைத் துப்பறிவாளர் வெர்காட்டரனின் மேசைமீது போட்டாள். பெல்ஜியமும் நெதர்லாந்தும் இருபது வருஷமாக வெளியிலிருந்து வாங்கிய சரக்கு, நாட்டுக்கு ஒரு கோடாக ஓடியது. போன வருஷத்தில் மட்டும் நெதர்லாந்தின் கோடு கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கியிருந்தது. 74 என்று வரவேண்டிய குறியீட்டு எண் 47 என்று அச்சாகியிருந்தது. அதை நம்பி அமைச்சர் ஒருவர் பாராளுமன்றத்தில் அண்டை நாட்டைக் கேலி செய்ய, ஹேக் நகரப் பத்திரிகைகள் அவரை வறுத்தெடுத்துவிட்டன. யார் தலையாவது உருளவேண்டும். பிரஸ்ஸல்ஸ் புள்ளிவிவர நிலையத்தின் இயக்குநர் லாம்போ, ஒடீலின் தலையைக் காட்டிவிட்டார்.

“என் மெஷின்லதான் அடிச்சிருக்கு சார். ஆனா நான் சாப்பிடப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போயிட்டா, இந்த வயசுல எவன் சார் என்னைச் சேர்த்துப்பான்?”

எண் எப்படி வந்தது என்று வெர்காட்டரன் விசாரித்தார். ஹேக்கிலிருந்து தொலைபேசியில், டச்சு மொழியில். அன்று அந்தப் பிரிவில் வேலைக்கு வந்திருந்தவர்கள் மூன்று பேர்தான்: பிரெஞ்சு பேசும் ஒடீல், அவளைப் போலவே பிரெஞ்சு பேசுகிற லாம்போ, டச்சைத் தாய்மொழியாகக் கொண்ட வான்னஸ். லாம்போ தன் டச்சைப் பற்றி விருந்துக்கு விருந்து பீற்றிக்கொள்கிறவர்.

“உங்க டச்சு எப்படி?” என்று வெர்காட்டரன் கேட்டார்.

“இருக்கு சார்” என்றாள் ஒடீல், ஜன்னலைப் பார்த்து.

அவள் போனதும் உதவியாளர் லீவே துள்ளினாள். “வான்னஸ்தான் சார். டச்சு அவனுக்குத்தான தண்ணிபட்ட பாடு?”

“அதனாலதான் அவன் இல்லன்னு தோணுது” என்றார் வெர்காட்டரன்.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவின் முன்னால் மூவரிடமும் ஆளுக்கொரு கணினி தரப்பட்டது. தொலைபேசியில் வரும் எண்ணை உடனே அடிக்கவேண்டும். பக்கத்து அறையிலிருந்து லீவே டச்சில் எண்பத்து மூன்று என்றாள். வான்னஸ் கேட்டு முடிக்கும்வரை விரலைத் தூக்கியே வைத்திருந்து 83 அடித்தான். லாம்போ முந்திக்கொண்டு 38 அடித்தார். ஒடீலின் கைகள் மடியிலேயே இருந்தன.

“டச்சுல ஒற்றை இலக்கம்தான் முதல்ல வரும். எழுபத்து நாலை நாலும் எழுபதும்னு சொல்லுவாங்க” என்றார் வெர்காட்டரன். “அதுலயே பொறந்து வளர்ந்தவன் முழுசாக் கேட்டுட்டுதான் அடிப்பான். பாதியில கத்துக்கிட்டவர் காதுல விழுந்த வரிசையிலயே அடிச்சுடுவார். ஒண்ணுமே புரியாதவங்க தப்பாக்கூட அடிக்க முடியாது.”

லாம்போவின் முகம் வெளுத்தது. ஆனாலும் நாக்கு சாகவில்லை.

“ரொம்ப சரி. ஆனா மேடத்துக்கு இருமொழி நியமனம் ஆச்சே? டச்சு தெரியும்னு சொல்லித்தான சேர்ந்தாங்க?”

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒடீலை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அன்றே இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. லாம்போவுக்காவது ஓய்வு பெறும் வயது வந்திருந்தது. ஒடீலுக்கு அதுவும் இல்லை.

படிக்கட்டில் அவள் துப்பறிவாளரை மறித்தாள். “எனக்கு டச்சு வராதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”

“சொல்லியிருந்தா பயத்துல நீங்களும் எதையாவது அடிச்சிருப்பீங்க” என்றார் வெர்காட்டரன். “எனக்கு உங்க கை சும்மா இருக்கவேண்டியிருந்தது.”