வாயில் வைத்த விசில்

விசித்திரப் பொருள்களின் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறோம் என்று சொன்னதால் மட்டும் திறந்துவிட்டார்கள். பிள்ளைகளை அழைத்து வருமுன் கழிப்பறை எங்கே, படிக்கட்டு வழுக்குமா, எதைத் தொட்டால் எது உடையும் என்று பார்த்துவைப்பது வகுப்பு டீச்சரின் வேலை. தலைமையாசிரியர் தாமாகவே கூட வந்தார். கழுத்தில் வழக்கம்போல் அந்த எஃகு விசில்.

"உங்க கிளியும் டூர் வர்றாளா?"

"வர்றா சார்."

"அப்ப இது கண்டிப்பா வேணும்" என்று விசிலைத் தட்டிச் சிரித்தார்.

ஓயாமல் பேசும் ஒரு சிறுமிக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர் கிளி. பேசுகிற பிள்ளையின் வாய்க்குள் விசிலைத் திணித்து, சத்தம் வராமல் நிற்கச் சொல்வது தலைமையாசிரியரின் தண்டனை. மூச்சு விட்டாலே அது கூவும். கூவினால் இன்னும் கொஞ்ச நேரம். போன வாரம் கிளி கண்ணில் நீர் முட்ட நின்றபோது டீச்சர் பக்கத்தில்தான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்றாவது, சுற்றுலாவில் இது வேண்டாம் சார் என்று சொல்லிவிட நினைத்திருந்தாள். வழிநெடுக அந்த வார்த்தையை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கிக்கொண்டே வந்தாள்.

சாவிக்கொத்துடன் ஒரு பெண்மணி முன்னால் நடந்தாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஊறிப்போன மரமும் மருந்தும் கலந்த வாடை. இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி கண்ணாடிக்குப் பின்னால் நான்கு கண்களாலும் பார்த்தது.

"ரெண்டு வாய்! கிளிக்கு நல்ல ஜோடி" என்றார் தலைமையாசிரியர்.

கடைசி அறையில், மனிதர்கள் விழுங்கியவை. தொண்டையிலிருந்தும் வயிற்றிலிருந்தும் எடுத்த ஊசி, பொத்தான், ஒரு பொம்மையின் கண். கோடியில் தனிப் பெட்டி ஒன்று.

அதற்குள் ஓர் எஃகு விசில்.

தலைமையாசிரியரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"யார் குடுத்தது?"

"ஒரு அம்மா" என்றாள் சாவிக்காரி. "டூர் போன பஸ்ஸுல பேசிக்கிட்டே வந்தாள்னு பொண்ணு வாயில வச்சு விட்டாங்களாம். பிரேக் போட்டப்ப உள்ள போயிடுச்சு."

"அது விபத்து. அப்பவே விசாரிச்சு முடிச்சாச்சு."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதுபோல் இருந்தது அது. அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"அதை ஏம்மா இங்க வச்சாங்க?" என்று டீச்சர் சாவிக்காரியிடம் மெல்லக் கேட்டாள்.

"வீட்ல வச்சா நான் மட்டும்தானே பார்ப்பேன்? இங்கன்னா எல்லா ஸ்கூலும் வரும். அதான் குடுத்துட்டு, நானும் இங்கயே வேலைக்குச் சேர்ந்துட்டேன்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "என்னைத் தெரியலையா சார்? உங்க ரூம் வாசல்ல எத்தனை தடவை வந்து நின்னிருக்கேன்."

விளக்கு அணைந்தது.

பெட்டிக்குள் மெல்லிய கூவல் எழுந்தது. நின்றது. மீண்டும் எழுந்தது.

சத்தம் வராமல் மூச்சு விட ஒரு குழந்தை பாடுபடுகிறது.

"விளையாடாதீங்க..." என்று கிசுகிசுத்தார் அவர்.

"நான் கையே வைக்கலையே சார்."

கூவல் கண்ணாடியை விட்டு வெளியே வந்தது. இடுப்பு உயரத்தில், தரையைத் தேய்த்து வரும் சின்னச் செருப்போடு. ஆரஞ்சு மிட்டாய் மணத்தது. டீச்சரின் அருகே வந்ததும் ஒரு கணம் தயங்கியது. பிறகு அவரிடம் போனது.

அலறுவதற்காகத் தலைமையாசிரியர் வாயைத் திறந்தார்.

திறந்திருக்கக் கூடாது.

மருத்துவர்கள் படம் எடுத்தார்கள், குழாய் விட்டார்கள். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் அவருக்குள் விசில் கூவியது. தூங்கினால் அந்தச் சத்தமே எழுப்பியது. பேச வாயெடுத்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. நீண்ட விடுப்பில் போய்விட்டார்.

சுற்றுலாவுக்கு டீச்சரே பிள்ளைகளை அழைத்துப் போனாள், வேறோர் ஊருக்கு, ஒரு பூங்காவுக்கு. பேருந்தில் கிளி அவளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"டீச்சர், மீன் தும்முமா? தும்முனா தண்ணிக்கு ஜலதோஷம் பிடிக்குமா? டீச்சர், டிரைவர் மாமாவுக்கு ஏன் காதுல முடி?"

தலைவலி மண்டையைப் பிளந்தது. டீச்சர் வெடுக்கென்று திரும்பினாள்.

"வாயை மூடுடி!"

கிளி மூடிக்கொண்டாள். பேருந்து முழுவதும் அடங்கிப்போனது.

எங்கிருந்தோ ஆரஞ்சு மிட்டாய் மணம்.

டீச்சர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்கினாள், நெஞ்சு எரியும்வரை. பிறகு மெதுவாக, மிக மெதுவாக விட்டாள்.

அப்படியும் கூவியது.