செதுக்கி

புத்தகத்தின் மேல் செதுக்கியை வைத்தால் போதும். அது ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு. வேண்டாத வாக்கியங்கள் மறையும். மிச்சம் நெருங்கி உட்காரும். திருநெல்வேலியில் இப்போது யாரும் அது இல்லாமல் படிப்பதில்லை. வெறும் பக்கத்தைப் பார்த்தால் கண் கூசுகிறதாம்.

எது வேண்டாதது என்று அதற்கு ஓர் எழுத்தாளர் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த முறை மங்கையர்க்கரசி. எழுதுவதைவிட அதிகம் அடிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள். அவள் படிக்கும்போது கண் எங்கே நிற்கிறது, பேனா எதை அடிக்கிறது என்று இயந்திரம் கவனிக்கும். பாடம் முடிந்ததும் எல்லாத் தகடுகளுக்கும் போய்ச் சேரும்.

பாடத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது ஒரே ஆளின் புத்தகங்களை. சிவசைலம்.

அவளுடைய முதல் நாவலைத் திருத்திக் கொடுத்தவர் அவர்தான். "சதையே இல்லியே தாயி, வாசகன் எதைக் கடிப்பான்?" என்று பாதியை வெட்டினார். அடுத்த வருடம் அவருடைய நாவல் வந்தது. அதுவரை அவர் எழுத்தில் சூரியன் பொற்கரம் நீட்டாமல் உதித்ததில்லை. இதில், "அப்பா செருப்பைத் தேடினார். பிறகு தேடவில்லை" என்று ஒரு சாவு நடந்தது.

அவள் நாவலிலிருந்து வெட்டுப்பட்ட பக்கங்களில் இருந்த சாவு அது. மங்கையின் அப்பா.

விமர்சகர்கள் அதைச் 'சிவசைல நடை' என்றார்கள். பரிசு கொடுத்தார்கள். அவரும் அதே நடையைப் பிடித்துக்கொண்டார். அது தன் வாக்கியம் என்று மங்கை சொன்னதை யாரும் நம்பவில்லை. அவளுடைய அடுத்த நாவலில் சிவசைலத்தின் சாயல் தெரிவதாக ஒரு மதிப்புரை வந்தது.

இப்போது அவள் தன் வாக்கியங்களைத் தேடித் தேடி அடித்தாள். அதே மூச்சில் பிறந்த மற்றவற்றையும் அடித்தாள். பொற்கரங்களைத் தொடவில்லை.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெபமலர் பின்னால் வந்து நின்றாள்.

"யக்கா, நல்லதையெல்லாம் அடிக்கிய. குப்பைய விடுதிய."

"குப்பை இல்ல. அதான் சிவசைலம் அண்ணாச்சி. ஊரு பாக்கட்டும்."

"இல்லக்கா, செதுக்கிக்கு..."

"நீ மிசினைப் பாரு ஜெபா."

ஊர் பார்த்தது. பரிசு நாவலில் செருப்பும் இல்லை, சாவும் இல்லை. ஒரு விடியலுக்குப் பின்னால் இன்னொரு விடியல் வந்தது. கல்லூரி மேடைகளில் அதை ராகம் போட்டு வாசித்துச் சிரித்தார்கள்.

சிவசைலம் போன் செய்தார்.

"என்ன தாயி, என் புத்தகத்துல பாதியக் காணோமாம்?"

"உங்க பாதி அப்படியே இருக்கே அண்ணாச்சி. நல்லாப் பாருங்க."

 அவர் போனை வைத்துவிட்டார். அன்றைக்கு மங்கை இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் அவளுடைய புதிய நாவல் அச்சாகி வந்தது. அப்பாவை மறுபடி எழுதியிருந்தாள். இந்த முறை முழுசாக. தகட்டை முதல் பக்கத்தில் வைத்தாள். பக்கம் வெளுத்தது. அடுத்ததும் வெளுத்தது. நடுவில் புரட்டினாள். பக்க எண் மட்டும் நின்றது.

"ஜெபா, இது என் புத்தகம். அவரோடது இல்ல."

"அதுக்கு ஆளு தெரியாதுக்கா. வாக்கியந்தான் தெரியும். அன்னைக்கே சொல்ல வந்தேன்."

"மாத்து."

"போன பாடம் போனதுதான். இனி அடுத்த வாத்தியாரு வரணும்."

"வரட்டும். நான் அவர்ட்டப் பேசுதேன்."

"அவுகளும் இந்தத் தகட்டுலதான படிச்சிட்டு வருவாவ? ஒங்க வரி ஒண்ணுகூட அவுக கண்ணுல பட்டிருக்காதே."

மங்கை ஒரு தாளை இழுத்தாள். 'அப்பா செத்துப்போனார்' என்று எழுதித் தகட்டை வைத்தாள். வெள்ளை.

தகட்டை எடுத்தாள். கீழே எழுதத் தொடங்கினாள். 'காலமெனும் கொடிய வேடனின் கருணையற்ற அம்பு, என் ஆருயிர்த் தந்தை என்னும் அன்புப் பறவையை...'  முற்றுப்புள்ளி வரை எழுதினாள்.

தகட்டை வைத்தாள்.

ஓர் எழுத்துக்கூட உதிரவில்லை.