வாசலைப் பார்த்த பாரிஸ் கப்பல்

"ஐயோ...! கப்பல் திரும்பிடுச்சு!"

பாண்டி பஜார் நகைக்கடையே அதிர்ந்தது.

அலறியவள் நிஷா. ஆழ்வார்பேட்டையில் பழைய ஓவியங்களுக்குக் கண்காட்சி வைக்கிறவள். கடை முதலாளி கணேசமூர்த்தியிடம் இரவல் கேட்டிருந்த படத்தை எடுத்துப்போக வந்திருந்தாள்.

சுவரில் பாரிஸ் நகரத்தின் சின்னம். அலை மேல் கப்பல். அதற்கு மேலே கோட்டை வடிவில் கிரீடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுக்காரன் செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுத்தது.

"போன மாசம் கப்பல் வாசலைப் பாத்துது சார்! இப்ப கல்லாவைப் பாக்குது. கீழ இருக்கிற லத்தீன் எழுத்துகூட கண்ணாடியில தெரியற மாதிரி மாறியிருக்கு. இது டூப்ளிகேட்!"

கணேசமூர்த்தி வாட்ச்மேன் வேலுவின் காலரைப் பிடித்தார்.

"சாவி ஒங்கிட்டதானல இருக்கு? எங்க வித்தே?"

"இன்னா அண்ணாச்சி... பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு ஜெயிலுக்குப் போவேனா நானு?"

போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஷண்முகப்ரியா இறங்கினாள்.

"இவன உள்ள தள்ளுங்கம்மா!"

"இருங்க அண்ணாச்சி." படத்தை உற்றுப் பார்த்தாள். "போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல இடவலம் மாத்தி, பிரிண்ட் போட்டிருக்காங்க. திருடன் அச்சு அசலா இல்ல மாட்டுவான்? கப்பலைத் திருப்பி மாட்டுவானா... மாட்டிக்கறதுக்கு?"

கல்லாப் பக்கம் திரும்பினாள்.

"கப்பல் கல்லாப் பக்கம் வரணும்னு யாருக்கு ஆசை? சமீபத்துல வாஸ்து பாத்தீங்களா?"

கணேசமூர்த்தியின் பிடி தளர்ந்தது. பார்வை மெல்ல நகர்ந்து... கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி தங்கத்தின் மேல் நின்றது!

தங்கம் தாலிச் சங்கிலியைத் திருகினாள்.

"கப்பல் வெளிய போனா லட்சுமியும் கூடவே போயிருவான்னு வாஸ்துக்காரர் சொன்னாருங்க... ஆடித் தள்ளுபடிக்கே ஈ ஓட்டினோம்லா?"

"ஒரிஜினல் எங்கட்டி?"

"உங்க தங்கச்சி எதிர்ல கடை திறந்தால்லா... நீங்க போகமாட்டேன்னு முறுக்கிக்கிட்டீங்க. நான் போயி அதைத்தான் கிஃப்ட்டா குடுத்தேன். வாசலைப் பாக்க மாதிரி, பக்கத்துலயே நின்னு மாட்ட வச்சிட்டு வந்தேன்!"

எல்லோரும் எதிர்க்கடையைப் பார்த்தார்கள்.

கூட்டம் படிக்கட்டைத் தாண்டி ரோடு வரை நின்றது!

வேலு காலரைச் சரிசெய்துகொண்டான். தொப்பியைக் கழற்றிக் கல்லா மேல் வைத்தான்.

"எங்கல போற?"

"எதிர்க்கடைக்கு அண்ணாச்சி. கூட்டம் தாங்காம செக்யூரிட்டி தேடிக்கினு கீறாங்க. வாசல்ல நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு மட்டும் மொதலாளியம்மாவாண்ட கேட்டுச் சொல்லுங்க!"