கேப்டன் ஊற்றிய கோப்பை

கதவைத் திறந்தேன். வாசலில் ஜப்பான் ராணுவக் கேப்டன் முராகி! பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். பக்கத்தில், ஜப்பான்காரர்கள் பிடித்துவைத்திருந்த எங்கள் சீன ஊரான ஃபோஷானைச் சேர்ந்த லோ மாமா. ஜப்பான்காரர்கள் பேசுவதை எங்களுக்குச் சொல்வது அவர் வேலை.

"வாய் யிங், அப்பாவைக் கூப்பிடும்மா. கேப்டன் அவரோட மோதிப் பாக்கணுமாம். இப்பவே."

அப்பா ஊரறிந்த குங்ஃபூ ஆசிரியர்தான். ஆனால் காய்ச்சலில் நிற்கவே தள்ளாடுகிறார். தோற்றால் எலும்பு தேறாது. ஜெயித்தாலோ சுட்டுவிடுவார்கள்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். "உள்ள வரச் சொல்லு."

கேப்டன் குனிந்து பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தான். நான் திகைத்துப் போனேன். எங்கள் வீட்டுக்குள் வர இவன் பூட்ஸைக் கழற்றுகிறானா! அப்படியென்றால் முறை தெரிந்த ஆள்தான்.

"முதல்ல தேநீர்! அப்புறம்தான் சண்டை!" என்று கத்தினேன்.

"வீட்டுல தேயிலை ஏதுடி?" அப்பா முணுமுணுத்தார்.

அம்மா வேலை செய்யும் தேநீர்க் கடையில் ஜப்பான்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவருக்குத்தான் முதலில் ஊற்றுவார்கள். அதனால் அடுப்பிலிருந்த கெண்டியையும் கோப்பைகளையும் கொண்டுவந்து கேப்டன் பக்கத்தில் வைத்தேன்.

நினைத்தபடியே அவன் ஊற்றினான். இரண்டு கைகளாலும் கோப்பையை அப்பாவிடம் நீட்டினான்.

"குடிங்கப்பா!"

அப்பா என்னை முறைத்தபடி குடித்தார்.

"லோ மாமா, சொல்லுங்க! எங்க வழக்கப்படி, தேநீர் குடுத்து குரு குடிச்சுட்டா, குடுத்தவர் சிஷ்யர். சிஷ்யர் குருமேல கை ஓங்கலாமா?"

லோ மாமாவின் முகம் வெளுத்தது. "அடிப்பாவி! இதைச் சொன்னா என் தலை தப்புமா?" ஆனாலும் திக்கித் திணறிச் சொன்னார்.

கேப்டனின் முகம் சிவந்தது. சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், கேப்டன் அப்பாவின் முன் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தான்!

"பாடம் எப்போன்னு கேக்குறாரு," என்றார் லோ மாமா, நம்ப முடியாமல்.

"போர் முடியட்டும். துப்பாக்கி இல்லாம வரச் சொல்லு," என்றார் அப்பா.

அவர்கள் போனதும் அப்பா தொப்பென்று உட்கார்ந்தார். "அது வெறும் வெந்நீர்டி!"

"ஊத்துனவருக்கு அது தெரியாதா? தெரிஞ்சும்தானே வணங்கினாருப்பா," என்றேன்.

அப்பா அந்தக் கோப்பையை எடுத்து ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.