குளியலறையிலிருந்து அழைக்கிறார்கள்

விடுதி வாசற்படியில், ஊர் சுற்றப் போவதற்காக, இரண்டு ஜோடி மரச்செருப்புகளை எடுத்து வைத்திருந்தார்கள். பெரியது ஒன்று, சிவப்பு வார் வைத்த சின்னது ஒன்று. மொரியோ தனியாகத்தான் வந்திருந்தார்.

விடுதிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பேருக்கென்று அறை சொல்லி வைத்தவள் அவர் மனைவி சிஸுரு, இலையுதிர் காலத்திலேயே. ஜனவரியில் அவள் செத்துப்போனாள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கும் முடிந்தது. போன வாரம் விடுதியிலிருந்து போன் செய்து "ரெண்டு பேர்தானே?" என்று கேட்டபோது, உண்மையைச் சொல்ல வாய் வராமல் "ஆமா" என்றுவிட்டார். சற்று முன் விடுதிக்காரி தொமோயேவும் கேட்டாள்.

"வீட்டம்மா எங்கங்க ஐயா?"

"பின்னாடி வர்றா."

"அப்ப அஞ்சரைக்குக் குடும்பக் குளியல உங்க பேருக்கே வச்சிடறேன். ரெண்டு பேரும் நிம்மதியா முங்கி எந்திரிங்க. அப்புறம் நண்டு சாப்பிடலாம்."

கூசாமல் தலையாட்டினார். பொய் சொல்வதில் அவருக்கு இப்போது நல்ல பழக்கம் வந்துவிட்டது.

வெந்நீர் ஊற்றுகளின் ஊர் அது, தெருவோரச் சாக்கடையிலிருந்துகூட ஆவி எழுந்தது. கந்தக நெடி, வேகும் சேனையின் வாசம், கூரைப் பனி உருகிச் சொட்டும் ஓசை, இவற்றுக்கு நடுவே மரச்செருப்பு டக் டக்கென்று ஒலிக்க மொரியோ நடந்தார். முட்டைக் கடைக்காரி ஊற்று நீரில் வேகவைத்த முட்டை இரண்டைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தாள். ஒன்று போதும் என்று சொல்ல வாயெடுத்து, இரண்டையும் வாங்கிக்கொண்டார். கால் நனைக்கும் பொதுத் தொட்டியின் பலகையில் உட்கார்ந்து ஒன்றைத் தின்றார். இந்த ஊரில் செய்ய வேண்டியதையெல்லாம் சிஸுரு ஒரு காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்திருந்தாள். முதல் வரியே முட்டைதான். அவள் ஆசைப்பட்டதைத் தான் தின்பது திருட்டுப் போல இருந்தது. மற்றதைப் பலகையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

பாலம் வரை போய்த் திரும்பி வந்தபோது முட்டை இல்லை. ஓடு இருந்தது. பெரிய துண்டுக்குள் அடுத்தது, அதற்குள் இன்னும் சின்னது என்று கிண்ணங்களைப் போல அடுக்கி வைத்த ஓடு. முப்பத்தொரு வருஷமாகச் சிஸுரு அப்படித்தான் அடுக்குவாள். குப்பை கம்மியாகுமாம். அவர் கேலி செய்வார்.

காக்கை தின்றிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். அடுக்கியும் வைத்ததா என்று மனசு கேட்டது. வேகமாக நடந்தார்.

விடுதிக் கூடத்துத் தொலைக்காட்சியில் சுமோ ஓடிக்கொண்டிருந்தது. கடைசி ஆட்டங்களுக்கான நேரம். மொரியோ அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஜனவரிப் போட்டிகள் நடந்த அந்தச் சாயங்காலமும் இதே நேரம்தான். குளியலறைப் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும், சமையலறைச் சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டி ஒரு சின்ன மெட்டு வாசித்து, பெண் குரலில் சொன்னது: 'குளியலறையிலிருந்து அழைக்கிறார்கள்.' முதுகு தேய்க்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். "ரெண்டே நிமிஷம்" என்றார். மறுபடி அழைத்தது. மூன்றாவது முறை எழுந்துபோய், பெட்டியின் ஒலியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்து போய்ப் பார்த்தபோது அவள் முகம் தண்ணீருக்குள் இருந்தது.

அசந்து தூங்கிவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னார். அவள் தங்கையிடமும் அதையே சொன்னார். அந்தத் தங்கை இவர் கையைப் பிடித்து, "நீங்க என்ன பண்ணுவீங்க மாமா" என்று அழுதாள். அதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை.

"வந்துட்டீங்களா ஐயா," என்றாள் தொமோயே. "வீட்டம்மா எப்பவோ வந்துட்டாங்க. நேரா குளிக்கப் போயிட்டாங்க. உங்கள முதுகு தேய்க்க வரச் சொன்னாங்க."

வாசற்படியில் சிவப்பு வார்ச் செருப்பு ஈரமாக இருந்தது.

"என்னங்க ஐயா, முகம் வெளுத்துப்போச்சு? போங்க, காக்க வைக்காதீங்க."

ஓடிவிடலாம். ரயிலுக்கு நேரம் இருந்தது. ஆனால் கால்கள் கூடத்தைத் தாண்டி உள்ளே நடந்தன. இந்தத் தடவையாவது கூப்பிட்டதும் போக வேண்டும் என்று அவருக்கு அழுகை முட்டியது.

நீண்ட நடைவழி. பலகைகள் முனகின. குடும்பக் குளியலின் கதவில் 'ஆள் உண்டு' என்ற மர அட்டை தொங்கியது. உள்ளே கூடையில் பெண்கள் அங்கி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சிஸுருவின் கொண்டை ஊசி.

கண்ணாடிக் கதவைத் தள்ளினார். கெட்டியான ஆவி. கல் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. யாரும் இல்லை.

"சிஸுரு?"

தண்ணீர் அசைந்தது. அடியில் வெளுப்பாக ஏதோ இருந்தது. மொரியோ உடுப்பைக்கூடக் களையவில்லை, உடம்பைக் கழுவிவிட்டு இறங்கும் வழக்கத்தையும் பார்க்கவில்லை. அப்படியே இறங்கினார். இரண்டு கைகளாலும் துழாவினார். கல். தண்ணீர். வெறும் கல்.

"எனக்குக் கேட்டுச்சு சிஸுரு. மூணு தடவையும் கேட்டுச்சு. நான் தூங்கல."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது போல இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதே தெரியவில்லை. நெஞ்சு படபடத்தது. சூடு. மூச்சு முட்டும் சூடு.

அப்போதுதான் சுவரைக் கவனித்தார். பழைய கல் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதன் மூலையில் சோப்புக் கறை. அவர் வீட்டுக் குளியலறைப் பெட்டி.

அழைப்புப் பொத்தானை அழுத்தினார்.

கதவுக்கு அப்பால் அந்தச் சின்ன மெட்டு ஒலித்தது. 'குளியலறையிலிருந்து அழைக்கிறார்கள்.' தொலைக்காட்சியில் சுமோ பார்க்கும் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. நடுவரின் கூவல் கேட்டது. பிறகு, சோம்பலான ஓர் ஆண் குரல்.

"ரெண்டே நிமிஷம்."

அவருடைய குரல்.

மறுபடி அழுத்தினார். மெட்டு. இரைச்சல். யாரும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் மோவாயைத் தொட்டது.

தோளுக்குப் பின்னால் ஈரக் கூந்தல் உரசியது. காதோரம், கோபமே இல்லாத குரல்.

"இன்னொரு தடவ அழுத்துங்க. நானும் மூணு தடவ அழுத்துனேன்."

அழுத்தினார்.

மெட்டு தொடங்கியது. வெளியே நாற்காலி நகர்ந்தது. காலடிகள். வருகின்றன. மொரியோ வாயைத் திறந்தார், தண்ணீர் உள்ளே போனது.

காலடிகள் பெட்டியருகே நின்றன.

பீப். மெட்டு தேய்ந்தது.

பீப். இன்னும் தேய்ந்தது.

பீப்.