பீரோவில் இருக்கும் சட்டை

எழுதிப் பழகாத கை இது. இக்கதையைச் சொல்லத் துணிந்ததற்காக வாசிக்கும் பெரியோர் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். இதில் பிழை காணப்படின் அது சொன்னவளின் குறை. அந்த வீட்டின் குறையன்று.

சன்னலோரத் தொட்டியிலிருந்த தக்காளிச் செடி வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பதை அவள் அன்று காலைதான் கவனித்தாள். இலைகள் பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டு, ஒன்று விடாமல் அறைக்குள்ளேயே திரும்பியிருந்தன. பீரோ இருந்த திசைக்கு.

பீரோவுக்குள் இருந்தது அவள் கணவரின் சட்டை. மூன்று மாதங்களுக்கு முன் பண்ணையில் களைக்கொல்லி அடித்தபோது, முதுகில் சுமந்த டப்பா கசிந்து, கழுத்திலிருந்து இடுப்புவரை நனைத்த சட்டை. கசிகிறதே என்று சொன்னவரிடம், “முதுகு ஜில்லுன்னு இருக்கும்ல, சும்மா அடிப்பா” என்று சிரித்தாராம் மேஸ்திரி. இப்போது கணவர் கட்டிலில் சாய்ந்து, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். நுரையீரல் இறுகிக்கொண்டே போகும், இனி மீளாது என்றார் மருத்துவர். அந்தத் துணியை வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்றும் எச்சரித்தார்.

வக்கீல் அம்மா சொன்னது வேறு. பண்ணையிடம் இழப்பீடு கேட்கலாம். களைக்கொல்லி தயாரித்தவர்கள்மீதும் வழக்குத் தொடுக்கலாம். எதற்கும் ஆதாரம் வேண்டும்.

“துவைச்சுடாதீங்கம்மா. வெளிய எங்கயும் வைக்காதீங்க, காணாமப் போயிடும். அந்தச் சட்டை இருந்தாத்தான் நாளைக்கு உங்க பொண்ணுக்கு ஒரு வழி.”

அந்த ஓரறை வீட்டில் பூட்டு உள்ள இடம் பீரோ ஒன்றே. சட்டையை இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் இறுக முடிந்து, மகளின் பள்ளிச் சீருடைக்குக் கீழ்த்தட்டில் வைத்தாள். வழக்குப் போட்டாயிற்று. வாய்தா தள்ளிப்போயிற்று. மறுபடியும் தள்ளிப்போயிற்று.

முதலில் வாடை வந்தது. துருப்பிடித்த தகரத்தை நாவால் தொட்டாற்போன்ற அந்த வாடை கதவிடுக்கில் கசிந்து, தலையணைக்குள் இறங்கி, சோற்றின் ஆவியோடு எழுந்து, மகளுக்குப் பின்னல் போடும்போது அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டது. பிறகு சத்தம். கணவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் பீரோவுக்குள் உறை சரசரத்தது. அவர் விடும்போது அடங்கியது.

“பாத்தியா,” என்றார் அவர், சிரிக்க முயன்று. “என்னைவிட... அது நல்லா... மூச்சு விடுதுடி.”

“எரிச்சுடட்டுமாங்க?”

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளை அவர் பார்த்தார். தாய் கையிலெடுத்த தீப்பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

வாய்தாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், ஒரு பிற்பகலில், அவர் மூச்சு நின்றது.

உறை நிற்கவில்லை.

வாய்தா நாள் காலை. மகள் சீருடை அணிந்து தயாராக நின்றாள். தாய் பீரோவைத் திறந்தாள். போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே சட்டை ஈரமாக இருந்தது, நேற்று நனைந்ததுபோல. உறை உப்பியது. சரசரப்பு. அடங்கியது.

மகளின் மார்பு எழுந்தது. சரசரப்பு. தாழ்ந்தது. அடங்கியது.

“அம்மா,” என்றாள் மகள். “முதுகு ஜில்லுன்னு இருக்கும்மா.”

மகள் திரும்பி முதுகைக் காட்டினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை. ஈரம்.

இழந்தவை: தக்காளிச் செடி ஒன்று. கணவர். பள்ளிச் சீருடை ஒன்று. மகளை இன்னும் இதில் சேர்க்கவில்லை.

சட்டை பத்திரமாக இருக்கிறது. காயவில்லை.