சிமிட்டாத விளக்கு

திங்கள் காலை 8.10. ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு வார முடிவுகளைக் காணோம்.

முந்தைய நாள் விடுமுறை. வெகுநேரம் கரண்ட் இல்லை. யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து சர்வர் அணைந்து, பிறகு தானே எழுந்திருந்தது. சர்வர் அறைப் பூட்டு உடையவில்லை. சாவி ஒன்றுதான். அது சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அட்மின் பெண்ணிடம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா முதலாளியின் அறைக் கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்துக்கே அட்மின் திடுக்கிட்டாள்.

"வேணும்னே அழிச்சிருந்தா ஜெயில்தான். தெரியுமா?"

"நான் தொடல மேடம்."

"இவங்களுக்கு என்மேல காண்டு," என்றான் முதலாளியின் மைத்துனன். "சர்வருக்கு டெபியன் லினக்ஸ் போடணும்னாங்க. நான் ஆர்ச் லினக்ஸ் போட்டேன். எப்படி ஓடுதுன்னு மாமாவையே கேளுங்க."

"ரெண்டு வாரமா பறக்குது," என்றார் முதலாளி. "மாப்ள என்னமோ டியூன் பண்ணான். இவளை அதுல கை வைக்காதேன்னுட்டேன்."

"பேக்கப்?"

"தினமும் டிஸ்கிலிருந்து தானா காப்பி ஆகும்," என்றாள் அட்மின். "இப்பதான் பார்த்தேன். அதுலயும் ரெண்டு வாரமா ஒண்ணும் இல்ல."

"அதையும் அழிச்சாச்சா?" என்றான் மைத்துனன்.

அட்மின் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து வரவேற்பாளர். அவள் மேஜைக்கு எதிரேதான் சர்வர் அறையின் கண்ணாடிக் கதவு.

"யாராவது உள்ளே போனாங்களா?"

"இல்ல மேடம். அந்தப் பெட்டியில ஒரு சின்ன விளக்கு, நான் ரிப்போர்ட் சேவ் பண்றப்பல்லாம் சிமிட்டும். சாரோட மைத்துனர் வந்து டியூன் பண்ணதிலிருந்து அதுகூட என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறதில்ல."

இன்ஸ்பெக்டர் அட்மினைப் பார்த்தார்.

"அது என்ன விளக்கு?"

"டிஸ்க்ல எழுதுறப்போ..." அவள் பாதியில் நின்றாள். முதலாளியின் கணினி விசைப்பலகையை இழுத்து ஒரு கட்டளை தட்டினாள். "முடிவுகள் சேர்ற ஃபோல்டர் டிஸ்க்லயே இல்ல மேடம். ராம்ல, தற்காலிக மெமரியில இருக்கு."

"கரண்ட் போனா?"

"துடைச்சுப் போட்ட மாதிரி போயிடும்."

"அதான் அவ்வளவு வேகம். டிஸ்க்ல எதுவும் எழுதல, பேக்கப்புக்கும் எதுவும் கிடைக்கல. யாரும் எதையும் அழிக்கல." இன்ஸ்பெக்டர் மைத்துனன் பக்கம் திரும்பினார். "எந்த லினக்ஸ் போட்டிருந்தாலும் இதான் கதி. ஜெயிக்கணும்னு செஞ்சீங்க. அது முட்டாள்தனம். ஆனா கரண்ட் போச்சுன்னு கேட்டதுமே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். இருந்தும் போலீஸைக் கூப்பிடச் சொன்னது யாரு?"

முதலாளி மெல்ல மைத்துனனைப் பார்த்தார். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கணும்," என்றாள் அட்மின். "இப்பவே சொல்லணும்."

இன்ஸ்பெக்டர் தொலைபேசியை மைத்துனன் முன் நகர்த்தினார். முதல் நோயாளியின் எண்ணை அட்மின் சொல்ல, அவன் அழுத்தினான்.

ஒரே மணியில் எடுத்தார்கள்.

"லேப்தானே? அவருக்கு ரிசல்ட் வந்துடுச்சா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க," என்றது ஒரு பெண்குரல்.